அந்தமானில் ஆறு நாள், பதினான்கு இடம்: நான்கு வயதுப் பிள்ளையோடு நடக்குமா?

பாளை மல்லி
அக்டோபர் 4, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல் கேள்வி.

அரையாண்டு விடுமுறையில் அந்தமான் போகிறோம். பெரியவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 4. கூடவே என் அத்தை. 66 வயது, முழங்கால் வலி, ஆனால் வராமல் இருக்க மாட்டார்கள். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் ஆறு நாளுக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். போர்ட் பிளேரில் இறங்கிய அன்றே கார்பின்ஸ் கோவ், செல்லுலார் சிறை, ராத்திரி ஒலி ஒளிக் காட்சி. மறுநாள் ராஸ் தீவு, நார்த் பே, சமுத்ரிகா அருங்காட்சியகம், சாத்தம் மர அறுவை ஆலை. மூன்றாம் நாள் விடியற்காலம் மூன்றரை மணிக்குக் கிளம்பி பாராடாங்: சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை. நான்காம் நாள் ஹேவ்லாக், ராதாநகர் கடற்கரை. ஐந்தாம் நாள் காலை எலிபண்ட் பீச், மதியம் காலாபத்தர், சாயங்காலக் கப்பலில் நீல் தீவு. ஆறாம் நாள் பரத்பூர், லட்சுமண்பூர், இயற்கைப் பாலம், அப்படியே போர்ட் பிளேர் திரும்பி மறுநாள் காலை விமானம்.

எண்ணிப் பார்த்தேன், பதினான்கு இடம். "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், எல்லாத்தையும் பாத்துட்டு வந்துருவோம்" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கோ படிக்கும்போதே கால் வலிக்கிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்காசி சாரல்
அக்டோபர் 4, இரவு 10.05

அக்கா, நடக்காது.

ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் ஒரே நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வந்தாலே நமக்கு எப்படி இருக்கிறது? துண்டு காய்வதற்குள் அடுத்த அருவி, மூன்றாவது இடத்தில் எவனாவது அழ ஆரம்பிப்பான். இதில் கப்பல், படகு, ஜீப், மறுபடி கப்பல். ஐந்தாம் நாள் மட்டும் மூன்று தடவை கடலில் போகிறீர்கள். அன்றைக்கு உங்கள் சின்னவள் தூங்குவது எப்போது?

என் கருத்து: முதலில் பட்டியலிலிருந்து பாராடாங்கை அடித்துவிடுங்கள். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

அம்பை டீச்சர்
அக்டோபர் 5, காலை 6.10

இடங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் சூரியனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் போனபோது அதில்தான் ஏமாந்தோம்.

திருநெல்வேலி ஏறத்தாழ 77.7 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது, போர்ட் பிளேர் 92.7. வித்தியாசம் 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம், ஆக ஒரு மணி நேரம். கடிகாரம் ஒன்றுதான், சூரியன் மட்டும் அங்கே ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிசம்பரில் நமக்கு ஆறு மணிக்கு மறையும் சூரியன் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் போய்விடும். "மதியம் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து நாலரைக்குக் கடலுக்குப் போவோம்" என்று ஊர் வழக்கப்படி இருந்தீர்களானால், பிள்ளைகள் உடுப்பு மாற்றுவதற்குள் இருட்டிவிடும். நாங்கள் முதல் இரண்டு நாளை அப்படித்தான் தொலைத்தோம்.

நல்ல பக்கமும் உண்டு. ஐந்தரைக்கு நன்றாக விடிந்துவிடும். உங்கள் சின்னவள் வயதுப் பிள்ளைகள் எப்படியும் வெளிச்சம் வந்ததும் எழுந்துவிடுவார்கள். ஆறு மணி முதல் பத்து வரை கடல், பதினொன்றுக்குச் சாப்பாடு, தூக்கம், இரண்டரைக்கு மறுபடி வெளியே, ஏழரைக்குப் படுக்கை. ஊருக்கு வந்த பிறகும் ஒரு வாரம் அதே நேரத்தில் தூங்கினார்கள், அதை வரமாக எடுத்துக்கொண்டேன்.

உவரிக்காரன்
அக்டோபர் 5, காலை 8.40

நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நம் கடலை முழுசாகப் பார்த்தாகிவிட்டதா? தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். பவளம், கடல்பசு, எல்லாம் வாசலிலேயே இருக்கிறது. 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வான்தீவு போல பல தீவுகளில் காலை வைக்க விடமாட்டார்கள் என்பதும் உண்மைதான். அதனால் போய் வாருங்கள். ஆனால் ஒன்று. தாமிரபரணியில் குறுக்குத்துறையில் நீச்சல் படித்த பிள்ளை என்று கடலில் விட்டுவிடாதீர்கள். ஆறு ஒரு பக்கம்தான் இழுக்கும். கடலில் நீவாடு, அதாவது நீரோட்டம், நேரத்துக்கு ஒரு பக்கம் திரும்பும். பிள்ளையின் அளவுக்கு மிதவைச் சட்டை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். அங்கே படகில் கொடுப்பது பெரியவர்கள் அளவில்தான் கிடைத்தது எங்களுக்கு. என் தங்கை மகளுக்குக் கழுத்து வழியாகவே கழன்று வந்தது.

பாளை மல்லி
அக்டோபர் 5, மதியம் 1.15

டீச்சர், சூரியக் கணக்கைப் பெரியவனிடம் காட்டினேன். அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உவரி அண்ணாச்சி, மிதவைச் சட்டை குறித்துக்கொண்டேன்.

பாராடாங்கை அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. "எரிமலையாம்ல" என்கிறான் பெரியவன். இந்தியாவில் வேறெங்கும் இல்லாத எரிமலை என்று எங்கோ படித்திருக்கிறான்.

அபர்தீன் கடைக்காரர்
அக்டோபர் 5, இரவு 8.30

என் அப்பா சுரண்டைப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். நான் பிறந்தது போர்ட் பிளேரில். இப்போது ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள், 2024 செப்டம்பரில். நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். மல்லி அக்காவுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

தம்பி படித்த எரிமலை பேரன் தீவு. அது வேறு. தெற்காசியாவில் இப்போதும் புகைகிற ஒரே எரிமலை அது, ஆனால் அதில் இறங்க விடுவதில்லை. பாராடாங்கில் இருப்பது சேறு கொப்பளிக்கிற சின்ன மேடு. மூன்றரைக்கு எழுப்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிறுத்தி, காட்டுக்குள் வண்டி அணிவகுப்பாகப் போய், படகு மாறி, மாங்குரோவ் ஓடை வழியாக இன்னொரு படகு, அப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. திரும்பி வருவதும் அப்படியே. ஓடையும் குகையும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் அத்தையின் முழங்காலுக்கும் சின்னவளுக்கும் அது தண்டனை. அந்தச் சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. சட்டம் கடுமையானது. அப்படியிருந்தும் அவர்களை வேடிக்கை பார்க்கவே கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

முக்கியமான விஷயம் வேறு. ஏற்பாட்டாளர்கள் இடப் பட்டியல்தான் கொடுப்பார்கள். கடல் வற்றுகிற நேரத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள். திருச்செந்தூரிலும் உவரியிலும் கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரிதாகக் கண்ணில் படாது. அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு இது தோன்றுவதே இல்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறும், அதே அளவு இறங்கும், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். நீல் தீவில் அந்த இயற்கைப் பாலம், அதாவது பாறை வளைவு, தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் நடந்து போய்ப் பார்க்க முடியும். மற்ற நேரம் போனால் படம் கூட எடுக்க முடியாமல் திரும்புவீர்கள். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில், விடுதிகள் வரிசையாக இருக்கிற விஜய்நகர் பக்கம், வற்றும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். குளிக்க வந்தவர்கள் "கடலைக் காணோம்" என்று நிற்பார்கள். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. பாறைக் குழிகளில் கணுக்கால் அளவு தண்ணீர், நண்டு, கடல் அட்டை, சின்னச் சின்ன மீன். பிடிமானம் உள்ள ரப்பர் செருப்பு மட்டும் வேண்டும். பவளத் துண்டு கிழித்தால் ஆற நாளாகும்.

நீங்கள் போகிற தேதிக்கான நேர அட்டவணையை இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் எழுதிவிட்டு அதற்குள் இடங்களை வையுங்கள்.

டவுன் அண்ணாச்சி
அக்டோபர் 5, இரவு 9.50

சேற்று எரிமலையை நான் பார்த்திருக்கிறேன். அல்வா கிண்டும்போது கொப்புளம் வந்து 'பொளக்' என்று வெடிக்குமே, அதேதான். நெய் வாசனை மட்டும் இல்லை. ரத வீதியில் அல்வாக் கடை வாசலில் நின்றாலே பையன் பார்த்துக்கொள்வான், மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டாம்.

விளையாட்டு போகட்டும். டிசம்பர் என்கிறீர்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்துவிட்டீர்களா? ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. ராத்திரி ரயிலில் ஏறி விடிந்ததும் சென்னையில் விமானம் என்று வைக்காதீர்கள். ஒரு நாள் முன்னால் போய்ச் சென்னையில் உறவுக்காரர் வீட்டில் படுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் போனால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கினால் மின்சார ரயிலில் திரிசூலம் பக்கம்தான், எதிரே விமான நிலையம். இது தெரியாமல் எழும்பூர் போய்த் திரும்பி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அங்கே போனாலும் இதே கதைதான். 2016 டிசம்பரில் புயல் காற்றில் கப்பல் நின்று, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல் போய்த்தான் கூட்டிவந்தது. அதனால் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில்தான் இருக்க வேண்டும். உங்கள் ஏற்பாட்டாளர் அதை மட்டும் சரியாகச் செய்திருக்கிறார்.

கல்லிடை கோமு
அக்டோபர் 6, காலை 11.00

கப்பலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுக் கப்பலில் ஒன்றரை மணி நேரம் போல. குளிர்சாதனம், கண்ணாடி அடைத்த அறை, வெளியே நிற்க விடவில்லை. நாங்கள் போன அன்று வாடைக் காற்று. முன் வரிசையில் இருக்கை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டு உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் என் மகள் காலையில் சாப்பிட்ட பூரியை என் மடியில் போட்டுவிட்டாள், அவளைப் பார்த்து என் மகன், அவனைப் பார்த்து நான். பக்கத்து இருக்கையில் புதுமணத் தம்பதி. அவர்கள் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

முன்பக்கம்தான் ரொம்பத் தூக்கிப் போடும். நடுவிலும் பின்னாலும் கீழ்த்தளத்தில் கேளுங்கள். வயிற்றுக்கு இட்லி, அதுவும் இரண்டு. குமட்டலுக்கு மருந்து பிள்ளையின் எடைக்கு ஏற்றபடி ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். மாற்று உடுப்பு கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகளை ஏறும்போதே தனியாக அடுக்கிவிடுகிறார்கள்.

அரசுக் கப்பல் இன்னும் மலிவு, நேரம் கூடுதல், ஆனால் மேல்தளத்தில் காற்றாட நிற்கலாம். திரும்பும்போது அதில் வந்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சீட்டுக் கிடைப்பதுதான் பாடு.

ஜங்ஷன் வாசு
அக்டோபர் 6, மாலை 6.30

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். 9 வயதுப் பையனுக்குக் கடலடி நடையும் ஸ்கூபாவும் இல்லாமல் என்ன அந்தமான்? என் அண்ணன் மகன் போனான், 11 வயது, இறங்கினான், ஒன்றும் ஆகவில்லை.

அபர்தீன் கடைக்காரர்
அக்டோபர் 6, இரவு 8.10

வாசு தம்பி, 11 வேறு, 9 வேறு. ஸ்கூபாவுக்கு முறையான மையங்கள் பத்து வயதுக்குக் குறைந்தவர்களைக் கடலில் இறக்குவதில்லை. காது அழுத்தத்தைத் தானே சரிசெய்யத் தெரிய வேண்டும், பதற்றமானால் மேலே பாயாமல் இருக்க வேண்டும். "வயசு கேக்க மாட்டாங்க, பத்துன்னு சொல்லுங்க" என்று ஒரு தரகர் சொன்னாரானால் அவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் போதும். வழிகாட்டி கூட வருவார், ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். ஒன்று செய்யுங்கள், முகக் கண்ணாடியை இப்போதே வாங்கி வீட்டில் வாளித் தண்ணீரில் பழக்குங்கள். வாயால் மட்டும் மூச்சு விடுவதுதான் பிள்ளைகளுக்குச் சிரமம். அது ஊரிலேயே வந்துவிட்டால் இங்கே முதல் நாளே மீன் பார்ப்பான். சின்னவளுக்கும் அத்தைக்கும் அடியில் கண்ணாடி வைத்த படகு இருக்கிறது. நீலில் பரத்பூரில் அது நன்றாக இருக்கும், கரை ஆழம் இல்லாதது.

டவுன் அண்ணாச்சி
அக்டோபர் 6, இரவு 8.45

அபர்தீன் அண்ணாச்சி, முதலை உண்டாமே?

அபர்தீன் கடைக்காரர்
அக்டோபர் 6, இரவு 9.15

உண்டு. உவர்நீர் முதலை. மாங்குரோவ், ஓடை, கழிமுகம், இதெல்லாம் அதன் வீடு. சில கடற்கரைகளில் வலை கட்டிக் குளிக்கும் இடத்தைப் பிரித்திருக்கிறார்கள். ராதாநகரில் உயிர்காப்பாளர் நிற்கிறார், விசில் அடித்தால் வெளியே வந்துவிடுங்கள். ஓடை வந்து கடலில் சேருகிற ஓரத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். இருட்டியபின் யாரும் தண்ணீரில் நிற்க வேண்டாம். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் போதும். பயந்து அறைக்குள் உட்கார வேண்டியதில்லை. முதலையைவிட உங்களை அதிகம் கடிக்கப்போவது மணல் ஈ. தேங்காய் எண்ணெயைக் காலில் தாராளமாகத் தடவுங்கள், சொறியாதீர்கள்.

பாளை மல்லி
அக்டோபர் 9, இரவு 10.20

வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை. பாராடாங் போச்சு. அல்வா ஒப்பீட்டைப் படித்துக் காட்டியதும் வீட்டுக்காரரே சிரித்து விட்டுக்கொடுத்தார். நார்த் பே, கார்பின்ஸ் கோவ், சாத்தம், காலாபத்தர் இவற்றையும் எடுத்துவிட்டேன்.

புதுத் திட்டம்: இறங்கும் நாள் ஒன்றும் இல்லை, முடிந்தால் சமுத்ரிகா மட்டும். மறுநாள் காலை ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவு. அப்புறம் நீல், இரண்டு இரவு. கடைசி நாள் போர்ட் பிளேர் திரும்பி ராஸ், செல்லுலார் சிறை, மறுநாள் விமானம். "ராதாநகர் பாக்காம அந்தமான் போனேன்னு எவன்ட்ட சொல்ல?" என்கிறார், அதனால் ஹேவ்லாக்கை விட முடியவில்லை.

இரண்டு சந்தேகம். பிள்ளைகளைச் சிறைக்குக் கூட்டிப்போகலாமா? அத்தை "சுனாமி வந்த இடம்லா" என்று ஆரம்பித்திருக்கிறார்கள், என்ன சொல்ல?

அம்பை டீச்சர்
அக்டோபர் 10, காலை 5.55

சிறைக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள், பெரியவனை. 1896இல் கட்ட ஆரம்பித்து 1906இல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரம் போல ஏழு வரிசை. இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு வரிசையின் முகப்பு அடுத்த வரிசையின் முதுகைத்தான் பார்க்கும், கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி. என் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் சத்தமே இருக்காது.

நம் ஊர்ச் சங்கதி ஒன்றையும் சொல்லிக் கூட்டிப்போங்கள். 1908 ஜூலையில் திருநெல்வேலியில்தான் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்குத் தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்து நாடுகடத்தும் தண்டனை, விதித்தார், ஒன்றல்ல, இரண்டு. மேல்முறையீட்டில் குறைந்தது. கோவையிலும் கண்ணூரிலும் சிறையிருந்து செக்கிழுத்தார், அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. 'தீவாந்தரம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் பையனுக்கு அந்தக் கோபுரத்தின் மேல் நின்று நாலு பக்கமும் கடலைப் பார்த்தால்தான் புரியும். ஒலி ஒளிக் காட்சி சின்னவளுக்கு வேண்டாம். இருட்டில் பெரிய குரல், புரியாத மொழி.

அபர்தீன் கடைக்காரர்
அக்டோபர் 10, இரவு 7.40

திட்டம் இப்போது மனிதர்கள் போகிற மாதிரி இருக்கிறது. ஆனால் நீலுக்கு மூன்று, ஹேவ்லாக்குக்கு ஒன்று என்று மாற்றினால் இன்னும் சந்தோஷப்படுவேன். நீல் சின்னத் தீவு, எங்கே போனாலும் கால் மணி நேரம், வண்டி நெரிசல் இல்லை. சரி, ராதாநகருக்காக விடுகிறேன்.

ராஸ் தீவுக்குக் காலை முதல் படகில் போங்கள். வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்கள் தலைமையிடமாக வைத்திருந்த ஊர் அது, தேவாலயச் சுவரை ஆலமர வேர் விழுங்கிக்கொண்டிருக்கும். மான் கிட்ட வந்து நிற்கும். அத்தைக்கு மின்கல வண்டி உண்டு. நார்த் பேயை எடுத்துவிட்டீர்கள், நல்லது. அதைப் பார்க்க வேண்டுமானால் பழைய இருபது ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். கலங்கரை விளக்கமும் தென்னைகளும் அதேதான். ஒரு நோட்டைத் தம்பி கையில் கொடுத்து, ராஸுக்குப் போகும் படகிலிருந்து தேடச் சொல்லுங்கள்.

ஹேவ்லாக்கில் சொல்ல ஒரு கதையும் தருகிறேன். முன்பு மரம் இழுக்க யானைகளை இங்கே கொண்டுவந்தார்கள். அவை தீவுக்குத் தீவு நீந்தும். அதில் ராஜன் என்ற ஆண் யானை கடைசிவரை ஹேவ்லாக்கில் இருந்து 2016இல் இறந்துபோனது.

சுனாமிக்கு: 2004இல் பெரிய அடி நிக்கோபாருக்கு. உங்கள் திட்டத்தில் அது இல்லை. இங்கேயும் அன்று தண்ணீர் வந்தது, நான் பார்த்தேன், அதை மறைக்கவில்லை. நில அதிர்வு உணர்ந்தால் மேட்டுக்குப் போக வேண்டும், எது மேடு என்று விடுதியில் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அத்தையிடம் அப்படியே சொல்லுங்கள்.

வரும்போது அல்வா. அரைக் கிலோ போதும். அபர்தீன் கடைவீதியில் வந்து என்னைக் கேட்டால் காட்டுவார்கள்.

பாளை மல்லி
ஜனவரி 3, இரவு 9.00

வந்துவிட்டோம். நடந்ததைச் சொல்கிறேன்.

ரயில், விமானம் எல்லாம் சரியாகப் போனது. கோமு அக்கா சொன்னபடி பின் வரிசை, இரண்டு இட்லி. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாந்தி எடுத்தது வீட்டுக்காரர். மருந்து பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கியிருந்தோம்.

ராதாநகர் உண்மையிலேயே அழகு. வெள்ளை மணல், பின்னால் காடு, மேற்கே பார்த்த கரை. ஆனால் அன்று அலை இருந்தது, சின்னவள் என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ராஜன் கதையைச் சொன்னேன். பெரியவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம காந்திமதியும் நீந்தியிருக்குமா?" என்றான். நெல்லையப்பர் கோயில் யானை போன அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அழுதவன் அவன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, நீந்தியிருக்கும் என்றேன்.

மறுநாள் எலிபண்ட் பீச்சுக்கு முன்பணம் கட்டியிருந்தோம். காற்று, படகு விடவில்லை. பதினான்கு இடத் திட்டத்தில் இது நடந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை வந்திருக்கும். அட்டவணை எழுதி வைத்திருந்தேன், காலை ஏழு சுமாருக்குக் கடல் வற்றும் என்று. விடுதி வாசலிலேயே இறங்கினோம். மூன்று மணி நேரம். சங்கைச் சுமந்துகொண்டு நடக்கிற நண்டுகளுக்குச் சின்னவள் ஓட்டப் பந்தயம் வைத்தாள், எல்லாவற்றுக்கும் பெயர் வேறு. அன்று ராத்திரி பதினொரு மணிக்கு அறையில் ஏதோ உரசுகிற சத்தம். விளக்கைப் போட்டால் அவளுடைய காலுறை தரையில் தானாக நடந்து போகிறது. அத்தை "முருகா" என்று கட்டிலில் ஏறிவிட்டார்கள். உள்ளே ஒரு நண்டு. விடிந்ததும் கொண்டுபோய் விட்டோம். சங்கு, பவளம் எதையும் எடுத்துவரக் கூடாது, விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கிறார்கள் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். "இது சங்கு இல்லம்மா, நண்டு" என்று பதில்.

நீலில் கடைக்காரர் அண்ணாச்சி சொன்னதுதான் சரி. மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். பரத்பூரில் தண்ணீர் நம் நெல் வயல் மாதிரி நிற்கிறது, அவ்வளவு அமைதி. பெரியவன் வாளியில் பழகிப் போனதால் அரை மணி நேரத்தில் தானாகவே மிதந்தான், நட்சத்திர மீன் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே கத்தியிருக்கிறான். பாறை வளைவுக்கு அத்தை வரவில்லை. காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு வங்காளி அம்மாவோடு உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பி வந்தால் மடியில் இரண்டு சுரைக்காய். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு வங்காளம் தெரியாது, எந்த மொழியில் வாங்கினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

தவறாகப் போனது: கடைசி நாளில் ராஸையும் சிறையையும் சேர்த்தது. நீலிலிருந்து வந்த களைப்பு வேறு. ராஸுக்குப் போய் மான் பார்த்ததோடு சின்னவளும் அத்தையும் விடுதிக்குப் போய்விட்டார்கள். நானும் பெரியவனும் மட்டும் சிறைக்குப் போனோம். டீச்சர், கோபுரத்தில் நின்று அவன் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது படிகளை எண்ணிக்கொண்டே வந்தான்.

பணம் கையில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நீலில் கைபேசி சிக்னல் இல்லாததால் இரண்டு கடையில் பணம் அனுப்ப முடியவில்லை. பிள்ளைகளின் ஆதார் அட்டை ஒவ்வொரு கப்பலிலும் கேட்டார்கள்.

அபர்தீன் கடைக்காரர்
ஜனவரி 3, இரவு 9.40

அல்வா அன்றே தீர்ந்துவிட்டது. அரைக் கிலோ என்று சொன்னது என் தப்பு.

டவுன் அண்ணாச்சி
ஜனவரி 4, காலை 7.30

வீட்டுக்காரர் வாந்தி எடுத்ததைப் பொதுவில் எழுதியது அவருக்குத் தெரியுமா?

பாளை மல்லி
ஜனவரி 4, காலை 8.00

தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம்.

தென்காசி சாரல்
ஜனவரி 4, இரவு 8.20

அக்கா, அந்தச் சின்னப்பிள்ளை மிதவைச் சட்டை இன்னும் இருக்கிறதா? மார்ச்சில் நாங்கள் போகிறோம், என் மகளுக்கும் நான்கு வயதுதான்.

பாளை மல்லி
ஜனவரி 4, இரவு 8.45

இருக்கிறது. முருகன்குறிச்சிப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கொக்கி மட்டும் கழன்றிருக்கிறது, தைத்து வைக்கிறேன். முகக் கண்ணாடியைப் பெரியவன் தரமாட்டான், இன்னும் வாளியில்தான் இருக்கிறான்.